பிளேயரை மட்டும் மாற்ற முடியவில்லை: ஃபிளாஷ் காலத்து டிபென்டன்சி இன்ஜெக்‌ஷன்

இன்றைய எபிசோட் கொஞ்சம் டெக்னிக்கலா இருக்கும். கோடு எழுதாதவங்க பயந்து ஓடிடாதீங்க. ஒரு கல்யாண சமையலை வைத்தே பாதிக் கதையைப் புரிந்துகொள்ளலாம்.

ஆங்குலரிலோ ஸ்பிரிங் பூட்டிலோ வேலை பார்ப்பவர்களுக்கு இது தினசரிப் பழக்கம். ஒரு கிளாஸின் கன்ஸ்ட்ரக்டரில் ஏதோ ஒரு சர்வீஸின் பெயரை எழுதுகிறோம். ஆப் ஓடும்போது அந்த சர்வீஸ் தானாக வந்து நிற்கிறது. நாம அதை உருவாக்கவும் இல்லை, தேடிப் போகவும் இல்லை. இதற்குப் பெயர்தான் டிபென்டன்சி இன்ஜெக்‌ஷன். இன்டர்வியூல கேப்பாங்க, நாமளும் மனப்பாடமா ஒப்பிப்போம்.

சர்வரில் பிறந்த இந்தப் பழக்கத்தை, பிரவுசருக்குள் ஓடுகிற ஆப்களில் முன்கூட்டியே பழகிப் பார்த்த ஒரு கூட்டம் இருந்தது. ஏறக்குறைய 2006 முதல் 2011 வரை அவர்கள் எழுதிய கோடு இன்றைக்கு எந்த பிரவுசரிலும் நேரடியாக ஓடாது. அவர்கள்தான் ஃபிளாஷ் டெவலப்பர்கள். ஒரு கிளாஸ் எதையும் இறுகப் பிடித்துக்கொள்ளக் கூடாது, எல்லாம் மாற்றத்தக்கதாக இருக்க வேண்டும் என்று பாடுபட்டவர்கள், மாற்றவே முடியாத ஒன்றின் மேல் உட்கார்ந்திருந்தார்கள். அந்தக் கதையைத்தான் இன்னைக்குப் பேசப் போறேன்.

மளிகை லிஸ்ட்

முதலில் அந்தச் சமையல். இரண்டு விதமான சமையல் மாஸ்டர்களை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் ஆள் பாதிச் சமையலில் கரண்டியை வைத்துவிட்டு, தனக்குத் தெரிந்த ஒரே கடைக்கு ஓடிப்போய்ப் பருப்பு வாங்கி வருகிறவர். அந்தக் கடை இருக்கிற வரைக்கும் பிரச்சினை இல்லை. கடை பூட்டியிருந்தால் பந்தியில் சாம்பார் கிடையாது. வேற ஊர் மண்டபத்துக்குக் கூட்டிட்டுப் போனா ஆளுக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது.

இரண்டாவது ஆள் ஒரு வாரம் முன்னாடியே ஒரு மளிகை லிஸ்ட் கொடுத்துவிடுகிறார். அரிசி இவ்வளவு, துவரம்பருப்பு இவ்வளவு, எண்ணெய் இவ்வளவு. எந்தக் கடை, யார் காசு, எந்த வண்டியில் வந்தது என்பதெல்லாம் அவர் கவலை இல்லை. அது கல்யாண வீட்டுக்காரர் பொறுப்பு. அதே லிஸ்ட்டை எந்த ஊரில் கொடுத்தாலும் அவர் சமைப்பார். பத்து பேருக்கு மட்டும் சமைத்து ருசி பார்க்க வேண்டுமா, அதுக்குத் தகுந்த மாதிரி கொஞ்சமா வாங்கிக் குடுத்தா போதும்.

கோடில் அந்த மாஸ்டர்தான் கிளாஸ். லிஸ்ட்டில் இருப்பவை அதன் டிபென்டன்சிகள், அதாவது அது சார்ந்திருக்கிற பொருட்கள். வாங்கிக் கொடுக்கிற வீட்டுக்காரருக்குப் பெயர் கன்டெய்னர் அல்லது இன்ஜெக்டர்.

இந்தப் பழக்கம் பழசுதான். பெயர்தான் புதுசு. 2004 ஜனவரியில் மார்ட்டின் ஃபவுலர் எழுதிய ஒரு கட்டுரைதான் 'டிபென்டன்சி இன்ஜெக்‌ஷன்' என்ற பெயரை நிலைநிறுத்தியது. அதற்கு முன் ஜாவா உலகில் இதை 'இன்வெர்ஷன் ஆஃப் கன்ட்ரோல்' என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது எதற்கும் பொருந்துகிற பெயர் என்பது ஃபவுலரின் குறை. அவர் கொடுத்த உதாரணம், ஒரு குறிப்பிட்ட இயக்குநர் எடுத்த படங்களைப் பட்டியலிடும் ஒரு கிளாஸ். படங்களின் விவரம் டெக்ஸ்ட் ஃபைலிலிருந்து வருகிறதா, டேட்டாபேஸிலிருந்து வருகிறதா என்பதை அந்தக் கிளாஸ் தீர்மானிக்கக் கூடாது, வெளியே இருந்து யாராவது கொடுக்கட்டும் என்பதுதான் விஷயம். அதே 2004 மார்ச்சில் ஸ்பிரிங் 1.0 வந்தது. ஜாவாக்காரர்களுக்கு அன்றிலிருந்து இது வீட்டுச் சாப்பாடு ஆகிவிட்டது.

கார்ட்டூனிலிருந்து கணக்குப் புத்தகம் வரை

அதே நேரத்தில் ஃபிளாஷ் எங்கே இருந்தது?

1996-ல் ஜோனதன் கேயும் அவருடைய சிறு நிறுவனமும் ஃபியூச்சர்ஸ்பிளாஷ் என்ற அனிமேஷன் மென்பொருளை வெளியிட்டார்கள். சில மாதங்களிலேயே மேக்ரோமீடியா அதை வாங்கி, பெயரை ஃபிளாஷ் என்று சுருக்கியது. பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்கு காசு கொடுத்து கேம் ஆடியவர்களுக்கு ஃபிளாஷை நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை.

2000-ல் வந்த ஃபிளாஷ் 5-ல் ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் என்ற மொழி பிறந்தது. அப்போதெல்லாம் கோடு ஒரே இடத்தில் இருக்காது. ஒரு வரி இந்த பட்டன் மேல, இன்னொரு வரி அந்த ஃபிரேம் மேலன்னு ஒட்டிக்கிட்டு இருக்கும். 2003-ல் ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 2 வந்து கிளாஸ்களை முறையாக எழுத வழி செய்தது. ஆனால் ஒரு வேரியபிள் என்ன டைப் என்ற சோதனை எல்லாம் கம்பைல் செய்யும்போது மட்டும்தான். ஓடும் நேரத்தில் அடியில் பழைய மொழியேதான்.

2006 ஜூனில் ஃபிளாஷ் பிளேயர் 9 வந்தபோது நிலைமை மாறியது. ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 3, அதை ஓட்ட ஒரு புதிய விர்ச்சுவல் மெஷின். இப்போது டைப் விவரம் ஓடும் நேரத்திலும் உயிரோடு இருந்தது. ஒரு கிளாஸைக் காட்டி, "இதில் என்னென்ன வேரியபிள்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் என்ன டைப்?" என்று புரோகிராமே கேட்கலாம். 'டிஸ்கிரைப்டைப்' என்ற ஃபங்ஷன் பதிலை எக்ஸ்எம்எல்லாகத் திருப்பித் தரும். மாஸ்டர் எழுதிய லிஸ்ட்டை வீட்டுக்காரர் படிக்க முடிந்தால்தானே பொருள் வாங்க முடியும்? அந்த லிஸ்ட்டைப் படிக்கிற வசதி ஃபிளாஷுக்கு 2006-ல்தான் கிடைத்தது.

இன்னொரு பக்கம் ஃபிளெக்ஸ். ஃபிளெக்ஸ்னதும் தெருமுனையில கட்டுற பேனர் ஞாபகம் வரும், அது இல்லை. ஃபார்ம், டேபிள், சார்ட் எல்லாம் வைத்து ஆபீஸ் ஆப்கள் கட்டுவதற்காக 2004-ல் மேக்ரோமீடியா கொண்டுவந்த கருவி அது. 2005 டிசம்பரில் மேக்ரோமீடியாவையே அடோபி வாங்கி முடித்தது. அடுத்த ஆண்டு ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 3-உடன் ஃபிளெக்ஸ் 2 வந்தது. வங்கி, காப்பீடு, பங்கு வர்த்தகம் என்று பெரிய பெரிய ஸ்கிரீன்களை இதில் எழுதினார்கள். பின்னால் ஜாவா சர்வர், முன்னால் ஃபிளெக்ஸ் என்ற ஜோடி பல இடங்களில் பழக்கமானது. அந்த வழியாகத்தான் ஜாவாக்காரர்களின் பழக்கங்களும் ஃபிளாஷுக்குள் வந்து சேர்ந்தன. நல்லதும் வந்தது, கெட்டதும் வந்தது.

எல்லாரும் ஒரே அலமாரியில் கை விட்டபோது

ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் 'இட்டரேஷன் டூ' என்று ஒரு சிறிய கன்சல்டன்சி இருந்தது. ஸ்டீவன் வெப்ஸ்டரும் அலிஸ்டர் மெக்லியோடும் அதை நடத்தினார்கள். தங்கள் ஊர் மலைத்தொடரின் பெயரையே வைத்து அவர்கள் உருவாக்கிய ஃபிரேம்வொர்க்தான் கெய்ர்ன்கார்ம். 2005-ல் அந்த நிறுவனத்தையே மேக்ரோமீடியா வாங்கிக்கொண்டதால், கெய்ர்ன்கார்ம் ஏறக்குறைய அதிகாரபூர்வ வழிமுறை என்ற அந்தஸ்தைப் பெற்றது.

அதன் நடுவில் 'மாடல் லொக்கேட்டர்' என்ற ஒரு கிளாஸ். கூட்டுக் குடும்பத்தில் நடுக்கூடத்து அலமாரி மாதிரி. லாகின் செய்தவர் யார், எந்த ஆர்டர் திறந்திருக்கிறது, எந்த டேப் தெரிகிறது, எல்லாமே அதற்குள். யாருக்கு எது வேண்டுமென்றாலும் 'கெட் இன்ஸ்டன்ஸ்' என்று கூப்பிட்டு அலமாரியைத் திறந்துகொள்ளலாம். உலகத்திலேயே அந்த அலமாரி ஒன்றுதான் இருக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் முறைக்கு சிங்கிள்டன் என்று பெயர்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஒரு கிளாஸை வெளியாள் யாரும் உருவாக்க முடியாதபடி செய்ய, அதன் கன்ஸ்ட்ரக்டரைப் பிரைவேட் ஆக்குவது ஜாவா வழக்கம். ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 3-ல் அது முடியாது. அந்த மொழி, இன்னும் முடிவாகாத எக்மாஸ்கிரிப்ட் 4 வரைவை ஒட்டி உருவானது. பிரைவேட் கன்ஸ்ட்ரக்டர் ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 3-க்குள் வரவில்லை. கடைசியில் 2008-ல் அந்த வரைவே கைவிடப்பட்டது, அது தனிக் கதை. அதனால் ஃபிளாஷ்காரர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். அதே ஃபைலுக்குள் வெளியே தெரியாத ஒரு குட்டி கிளாஸை எழுதி, "இந்தப் பொருளைக் கையில் வைத்திருந்தால்தான் உள்ளே விடுவேன்" என்று கன்ஸ்ட்ரக்டரில் சொல்லிவிடுவார்கள். பூட்டு இல்லாத கதவுக்கு உள்பக்கமா நாற்காலியை முட்டுக் குடுக்கிற மாதிரி. மொழியே தராத சிங்கிள்டனைக் கட்ட இவ்வளவு பாடு.

சரி, பொது அலமாரியில என்ன தப்பு? வீட்டில் நாலு பேர் இருக்கும்போது ஒன்றுமில்லை. நாற்பது பேர் ஆனதும், யார் எதை எடுத்தார்கள், யார் எதை மாற்றி வைத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஒரு ஸ்கிரீனைத் தனியாக எடுத்து வேறு ப்ராஜெக்ட்டில் பயன்படுத்தலாம் என்றால், அலமாரியையும் சேர்த்துத் தூக்க வேண்டும். டெஸ்ட் எழுதலாம் என்றால், போன டெஸ்ட் உள்ளே வைத்துவிட்டுப் போனது இந்த டெஸ்ட்டைக் கெடுக்கும்.

இதைவிடப் பெரிய பிரச்சினை, கிளாஸைப் பார்த்தால் அது யாரை நம்பி இருக்கிறது என்றே தெரியாது. 2008-ல் கூகுளில் இருந்த மிஷ்கோ ஹெவரி இதைப் பற்றி எழுதினார். சிங்கிள்டன்கள் பொய் சொல்கின்றன என்பது அவர் வாதம். அவருடைய உதாரணம் ஒரு கிரெடிட் கார்டு கிளாஸ். பார்த்தால் கார்டு நம்பர் மட்டும் போதும் போலத் தெரியும். கூப்பிட்டால் வெடிக்கும். முதலில் ஒரு ப்ராசஸரைத் தயார் செய்ய வேண்டும், அதற்கு முன் ஒரு க்யூ, அதற்கும் முன் டேட்டாபேஸ். இது எதுவும் அந்தக் கிளாஸின் முகப்பில் எழுதப்படவில்லை. நம்ம முதல் சமையல் மாஸ்டர்தான் இது. லிஸ்ட்டே குடுக்க மாட்டார், நடுவுல ஓடுவார். இந்த மிஷ்கோ ஹெவரியின் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் திரும்ப வருவார்.

கெய்ர்ன்கார்மைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. ஃபிரேமில் கோடு ஒட்டிக்கொண்டிருந்த காலத்திலிருந்து வந்தவர்களுக்கு, எது எங்கே இருக்க வேண்டும் என்ற ஒரு பொதுமொழியை அது கொடுத்தது. புது ஆள் டீமுக்கு வந்தாலும் கோடு பிடிபட்டது. கிளிஃப் ஹாலின் ப்யூர்எம்விசியும் அப்படித்தான். கட்டுக்கோப்பான, சிறிய ஃபிரேம்வொர்க். ஆனால் அதிலும் நடுவில் ஒரு சிங்கிள்டன் முகப்பு. வேண்டிய பொருளைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும், அந்தப் பெயர் வெறும் ஸ்ட்ரிங். ஒரு எழுத்து தப்பினாலும் கம்பைலர் கண்டுபிடிக்காது. தேடிப் போகிற பழக்கம் மாறவில்லை.

லிஸ்ட் எழுதக் கற்றுக்கொண்டவர்கள்

மாற்றம் பல பக்கமிருந்தும் வந்தது. கிறிஸ்டோஃப் ஹெரெமன் தொடங்கிய பிராணா என்ற ஃபிரேம்வொர்க், ஸ்பிரிங்கின் வழியை அப்படியே ஃபிளாஷுக்குக் கொண்டுவந்தது. பிற்பாடு ஸ்பிரிங் குடும்பத்திலேயே சேர்ந்து ஸ்பிரிங் ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் ஆனது. எந்தப் பொருளுக்கு எதைக் கொடுக்க வேண்டும் என்பதை ஒரு எக்ஸ்எம்எல் ஃபைலில் எழுதுவார்கள்.

ஃபிளாஷில் இதற்கு ஒரு விசித்திரமான தடை. கோடில் எங்கேயும் பெயர் வராத கிளாஸை கம்பைலர் கடைசி ஃபைலில் சேர்க்காது, சைஸ் குறையட்டும் என்று வெட்டிவிடும். எக்ஸ்எம்எல்லில் மட்டும் பெயர் இருந்தால் அது கம்பைலர் கண்ணுக்குத் தெரியாது. ஓடும்போது, அப்படி ஒரு கிளாஸே இல்லை என்று பிழை வரும். அதனால் சும்மா ஒரு வரியில் அந்தக் கிளாஸின் பெயரை எழுதி வைக்க வேண்டியிருந்தது. லிஸ்ட்டை மாற்றினால் போதும், கோடைத் தொட வேண்டாம் என்ற கொள்கைக்கு அது கொஞ்சம் இடித்தது.

அடுத்து மெட்டாடேட்டா வழி. 2007-ல் கூகுள் வெளியிட்ட கூஸ் என்ற ஜாவா கன்டெய்னர், எக்ஸ்எம்எல்லை ஒதுக்கிவிட்டு, கோடுக்குள்ளேயே ஒரு குறிப்பு எழுதினால் போதும் என்று காட்டியிருந்தது. ஆக்‌ஷன்ஸ்கிரிப்டிலும் வேரியபிளுக்கு மேலே சதுர அடைப்புக்குறிக்குள் ஒரு சொல்லை எழுத முடியும். 'இன்ஜெக்ட்' என்று அங்கே எழுதிவிட்டால், "இது எனக்கு வேண்டும், யாராவது கொடுங்கள்" என்று அர்த்தம். மளிகை லிஸ்ட் கிளாஸின் முகப்பிலேயே வந்துவிட்டது.

கிறிஸ் ஸ்காட்டின் ஸ்விஸ் இதை மிக எளிமையாகச் செய்தது. முதலில் அதன் குறிச்சொல் 'ஆட்டோவயர்', 1.0 வந்தபோது 'இன்ஜெக்ட்'. யென்ஸ் ஹால்ம் எழுதிய பார்ஸ்லி இன்னும் விரிவானது. நவேல் ஃபொரோண்டாவும் லாரா ஆர்குயெல்லோவும் எழுதிய மேட், ஸ்கிரீனுக்குள் ஒரு வார்த்தைகூட எழுதாமல், தனியாக ஒரு 'ஈவென்ட் மேப்' ஃபைலில் யாருக்கு என்ன என்று டேக்குகளாக எழுத வைத்தது. டில் ஷ்னைடராய்ட் ஸ்விஃப்ட்சஸ்பென்டர்ஸ் என்ற சின்னஞ்சிறு இன்ஜெக்டரை எழுதினார். 2009-ல் ஷான் ஸ்மித்தும் ஜோயல் ஹுக்ஸ் முதலானவர்களும் ரோபோலெக்ஸைக் கொண்டுவந்தார்கள். அதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், இன்ஜெக்டரே மாற்றத்தக்கது. ஸ்விஃப்ட்சஸ்பென்டர்ஸ் வேண்டாம், ஸ்மார்ட்டிபேன்ட்ஸ் வேண்டும் என்றால் அதை மாட்டிக்கொள்ளலாம். வாங்கிக் கொடுக்கிற வீட்டுக்காரரையே மாற்றலாம்!

ரோபோலெக்ஸ் என்ற பெயர் ஒரு புதிரையும் நினைவுபடுத்தும். கூஸ் ஆவணங்களில் அதை ரோபோவின் கால் பிரச்சினை என்பார்கள். ஒரு ரோபோவுக்கு இரண்டு கால். இரண்டும் ஒரே 'கால்' கிளாஸ்தான். இரண்டும் "எனக்கு ஒரு பாதம் வேண்டும்" என்று மட்டும் கேட்கின்றன. இடது காலுக்கு இடது பாதம், வலது காலுக்கு வலது பாதம் என்று எப்படிக் கொடுப்பது? கால் கிளாஸுக்கு இடம் வலம் தெரியக் கூடாது, அது தெரிந்தால் திரும்பவும் பழைய கதைதான். தீர்வு, ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு கிளை இன்ஜெக்டர். கேள்வி ஒன்றே, கேட்கிற இடத்தைப் பொறுத்துப் பதில் மாறும்.

இதன் பலன் கெய்ர்ன்கார்ம் பக்கமே தெரிந்தது. மூன்றாம் பதிப்பில் அது பழைய பொது அலமாரியை விட்டுவிட்டு, ஒரு வழிகாட்டித் தொகுப்பாக மாறியது. கன்டெய்னராக அது சிபாரிசு செய்தது பார்ஸ்லியை.

ஃபிளாஷுக்கே உரிய தலைவலிகள்

ஜாவாவிலிருந்து யோசனையைக் கடன் வாங்கலாம், ஆனால் மண் வேறு. மூன்று இடத்தில் ஃபிளாஷ் முரண்டு பிடித்தது.

ஒன்று, ஸ்கிரீனில் தெரிகிற பொருட்களைக் கன்டெய்னர் உருவாக்குவதில்லை. ஃபிளெக்ஸோ டைம்லைனோ தன் இஷ்டத்துக்கு உருவாக்கிக் கொள்ளும். தான் உருவாக்காத பொருளுக்கு எப்படி ஊசி போடுவது? ஒரு பொருள் மேடை ஏறும்போது ஃபிளாஷ் 'ஆடட் டு ஸ்டேஜ்' என்று ஒரு ஈவென்ட்டை அனுப்பும். ரோபோலெக்ஸ் வாசலில் உட்கார்ந்து அந்த ஈவென்ட்டைப் பிடித்து, "இந்த ஆளுக்கு ஒரு மீடியேட்டர் வைக்க வேண்டும்" என்று கண்டுகொள்ளும். ஸ்கிரீனுக்குப் பதிலாக அந்த மீடியேட்டர் வெளி உலகத்தோடு பேசும். மேடையிலிருந்து இறங்கும்போது அதையும் கழற்றிவிடும்.

இரண்டு, ரிலீஸ் பில்ட். கம்பைலர் தனக்குத் தெரியாத குறிச்சொற்களை வேண்டாத சுமை என்று அழித்துவிடும். "இன்ஜெக்ட் என்ற சொல்லை மட்டும் வைத்திரு" என்று கம்பைலரிடம் தனியாகச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் லிஸ்ட்டே காணாமல் போய், எல்லா வேரியபிளும் காலியாக நிற்கும். ஃபிளாஷ் எடிட்டரில் இன்னும் வினோதம். பப்ளிஷ் செட்டிங்ஸில் சம்பந்தமே இல்லாத மாதிரி இருக்கும் 'எக்ஸ்போர்ட் எஸ்டபிள்யூசி' கட்டத்தில் டிக் போட்டால்தான் குறிச்சொல் பிழைக்கும். அந்த ஒரு டிக்கைத் தேடி விடிய விடிய உட்கார்ந்தவங்க அந்தக் காலத்துல நிறைய பேர்.

மூன்று, கன்ஸ்ட்ரக்டர். பொருள் பிறக்கும்போதே எல்லாவற்றையும் கொடுத்துவிடுவதுதான் சுத்தமான வழி. ஆனால் ஃபிளாஷ் பிளேயரில் ஒரு பிழை இருந்தது. அந்தக் கிளாஸ் ஒரு முறையாவது உருவாக்கப்படும் வரை, கன்ஸ்ட்ரக்டர் கேட்கிற பொருட்களின் டைப்பை 'டிஸ்கிரைப்டைப்' சரியாகச் சொல்லாது. நட்சத்திரக் குறிதான் வரும், எதுவானாலும் சரி என்று. அதனால் ஸ்விஃப்ட்சஸ்பென்டர்ஸ் வெறும் கையோடு ஒரு பொம்மைப் பொருளை உருவாக்கிப் பார்த்துவிட்டு, பிறகுதான் நிஜப் பொருளை உருவாக்கும்.

பெரும்பாலானவர்கள் இந்தத் தொல்லை வேண்டாம் என்று வேரியபிளுக்கே ஊசி போட்டார்கள். அப்போது இன்னொரு விதி வந்தது. கன்ஸ்ட்ரக்டர் ஓடும் நேரத்தில் வேரியபிள்கள் இன்னும் காலி. அங்கேயே பயன்படுத்தினால் பிழை எண் 1009. ஃபிளாஷ் எழுதிய யாரிடமாவது 1009 என்று சொல்லிப் பாருங்கள், முகம் மாறும். இல்லாத பொருளிடம் வேலை கேட்டதற்கு வரும் பிழை அது.

இதையெல்லாம் பார்த்து, "இது தேவையா? இது என்ன மந்திரம்?" என்று கேட்டவர்களும் இருந்தார்கள். நியாயமான கேள்வி. லிஸ்ட்டில் எழுதியதை யாரும் வாங்கித் தராவிட்டால் கம்பைலர் சொல்லாது, ஓடும்போதுதான் தெரியும். கோடைப் படிக்கிறவருக்கு, பொருள் எங்கிருந்து வந்தது என்பதும் உடனே தெரியாது. உண்மையில் ஃபிரேம்வொர்க் இல்லாமலே, கன்ஸ்ட்ரக்டரில் கையாலேயே பொருளைக் கொடுத்தாலும் அதுவும் டிபென்டன்சி இன்ஜெக்‌ஷன்தான். சின்ன ஆப்புக்கு அது போதும். வந்திருப்பது பத்து பேர் என்றால் மளிகை லிஸ்ட்டும் வேண்டாம், மாஸ்டரும் வேண்டாம்.

லிஸ்ட்டில் இல்லாத பொருள்

இந்த விவாதங்கள் சூடாக நடந்துகொண்டிருந்த அதே நேரத்தில்தான் 2010 ஏப்ரல் வந்தது. ஐபோன் 2007-ல் வெளியான நாளிலிருந்தே அதில் ஃபிளாஷ் இல்லை. இப்போது ஸ்டீவ் ஜாப்ஸ் ஃபிளாஷைப் பற்றித் தன் எண்ணங்களை ஒரு திறந்த கடிதமாக எழுதினார். பேட்டரி, பாதுகாப்பு, தொடுதிரை என்று பல காரணங்கள். கடைசியாக வைத்த காரணத்தைத்தான் மிக முக்கியம் என்றார்: தங்கள் தளத்துக்கும் டெவலப்பருக்கும் நடுவில் மூன்றாம் நபரின் அடுக்கு ஒன்று வந்தால், டெவலப்பர்கள் அந்த மூன்றாம் நபரைச் சார்ந்து போய்விடுவார்கள்.

கவனிச்சீங்களா? இதுவும் டிபென்டன்சி பற்றிய வாதம்தான். சொன்னவர் தன் தளத்தையும் பூட்டித்தான் வைத்திருந்தார், அவருக்கு அதில் வியாபார லாபமும் இருந்தது. அது ஒரு பக்கம். ஆனால் ஃபிளாஷ்காரர்கள் தங்கள் கோடுக்குள் நூறு இடத்தில் கேட்ட கேள்வி அது: "இந்தப் பொருள் நாளைக்கு இல்லாவிட்டால் என்ன செய்வாய்?" அதே கேள்வியை வெளியிலிருந்து ஒருவர் அவர்களைப் பார்த்தே கேட்டபோது பதில் இல்லை.

டேட்டாபேஸை மாற்றலாம். சர்வரை மாற்றலாம். ஸ்கிரீனை மாற்றலாம். ரோபோலெக்ஸில் இன்ஜெக்டரையே மாற்றலாம். இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருந்த ஃபிளாஷ் பிளேயர் மட்டும் யாருடைய லிஸ்ட்டிலும் இல்லை. ஃபிளெக்ஸ் கருவித்தொகுப்பின் மூலக் கோடை அடோபி 2008-ல் திறந்து வைத்தது உண்மை. ஆனால் அதை ஓட்டுகிற பிளேயர் ஒரே ஒரு நிறுவனத்தின் கையில்தான்.

2011 நவம்பரில் மொபைல் பிரவுசர்களுக்கான ஃபிளாஷ் பிளேயரை இனி வளர்க்கப் போவதில்லை என்று அடோபி அறிவித்தது. ஃபிளெக்ஸை அப்பாச்சி அமைப்புக்குக் கொடுக்கப் போவதாகவும் அதே மாதம் சொன்னது. 2017 ஜூலையில் இறுதி அறிவிப்பு. 2020 டிசம்பர் 31-உடன் ஆதரவு முடிந்தது. 2021 ஜனவரி 12 முதல் பிளேயரே ஃபிளாஷ் ஃபைல்களை ஓட்ட மறுத்தது.

சிலர் கடைசி வரை மாட்டிக்கொண்டார்கள். தென்னாப்பிரிக்காவின் வருவாய்த் துறை, தன்னுடைய சில வரிப் படிவங்கள் இன்னும் ஃபிளாஷில் இருந்ததால், 2021 ஜனவரியில் அதற்கென்றே ஒரு தனி பிரவுசரை வெளியிட்டது. ஒரு நாட்டின் வரி வசூலுக்காக ஒரு பிரவுசர். லிஸ்ட்டில் எழுதாத பொருளோட விலை அவ்வளவு.

என்ன மிஞ்சியது?

கோடு போய்விட்டது. பழக்கம் போகவில்லை.

மிஷ்கோ ஹெவரி ஞாபகம் இருக்கா? 2009-ல் அவர் ஆடம் ஆப்ரன்ஸோடு தொடங்கிய வேலைதான் பிறகு ஆங்குலர்ஜேஎஸ் ஆனது. அதன் மையத்திலேயே டிபென்டன்சி இன்ஜெக்‌ஷன். அது ஃபிளாஷிலிருந்து வந்தது என்று நான் சொல்லவில்லை, அவர் வந்தது ஜாவா பக்கமிருந்து. ஆனால் பிரவுசர் என்ற மண்ணில் அதே தலைவலி திரும்ப முளைத்தது. ஆங்குலர்ஜேஎஸ் ஒரு ஃபங்ஷனின் பாராமீட்டர் பெயர்களைப் படித்து, யாருக்கு என்ன வேண்டும் என்று தெரிந்துகொள்ளும். ரிலீஸுக்காகக் கோடைச் சுருக்கும் கருவி அந்தப் பெயர்களை எல்லாம் 'ஏ', 'பி' என்று மாற்றிவிடும். லிஸ்ட் காலி. வீட்டில் ஓடும், வெளியே போனால் நிற்கும். அதனால் பெயர்களைத் தனியாக ஸ்ட்ரிங்காகவும் எழுதி வைக்கச் சொன்னார்கள். ஃபிளாஷில் 'எக்ஸ்போர்ட் எஸ்டபிள்யூசி' டிக்கைத் தேடி அலைந்தவருக்கு இந்தப் பிழையைப் பார்த்ததும் பழைய சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்திருக்கும்.

ஆட்களும் நகர்ந்தார்கள். ஸ்விஃப்ட்சஸ்பென்டர்ஸ் எழுதிய டில் ஷ்னைடராய்ட் மோசில்லாவுக்குப் போய், ஃபிளாஷ் ஃபைல்களை ஜாவாஸ்கிரிப்டில் ஓட்ட முயன்ற ஷம்வே என்ற ப்ராஜெக்ட்டில் வேலை செய்தார். யோசித்துப் பாருங்கள், கிளாஸுக்கு வேண்டியதை மாற்றிக் கொடுக்கக் கருவி எழுதியவர், பிளேயரையே மாற்றிக் கொடுக்கும் முயற்சியில் இறங்கினார். ஷம்வே முழுமை அடையவில்லை. ஆனால் இன்று ரஃபிள் என்ற திறந்தமூல எமுலேட்டர் பழைய ஃபிளாஷ் கேம்கள் பலவற்றை ஓட்டுகிறது. ரோபோலெக்ஸின் அச்சு, யூனிட்டி கேம் டெவலப்பர்களுக்கான ஸ்ட்ரேஞ்ச்ஐஓசியில் தெரியும். டைப்ஸ்கிரிப்டில் ரோபோலெக்ஸ்ஜேஎஸ் என்றே ஒன்று வந்தது.

இந்தக் கதையிலிருந்து, "எதையும் நம்பாதே, எல்லாத்தையும் மாத்துற மாதிரி எழுது" என்ற பாடத்தை நான் எடுக்கவில்லை. அது நடக்காத காரியம். ஏதோ ஒன்றின் மேல் காலை ஊன்றித்தான் நிற்க வேண்டும். ஃபிளாஷ் மேல் ஊன்றியவர்கள் முட்டாள்களும் இல்லை, அன்று பிரவுசரில் அந்த மாதிரி ஆப் எழுத அதைவிட நல்ல தரை இருக்கவில்லை. அவர்கள் செய்ததில் நிலைத்தது, தேவையை முகப்பில் எழுதி வைக்கும் நேர்மை. ஃபிரேம்வொர்க்குகள் ஒவ்வொன்றாக மறைந்தாலும், அதைக் கற்றவர் அடுத்த மொழிக்குப் போனபோது அது கூடவே போனது.

நாளைக்கு உங்க ப்ராஜெக்ட்டைத் திறக்கும்போது ஒரு வேலை பண்ணிப் பாருங்க. உங்க ஆப் எந்தெந்த கிளவுட், எந்த ஏபிஐ, எந்த ஆப் ஸ்டோர், எந்த ஏஐ மாடல் மேல நிக்குதுன்னு ஒரு பேப்பர்ல எழுதுங்க. கன்ஸ்ட்ரக்டர்ல இருக்கிறதை இல்லை, கன்ஸ்ட்ரக்டர்ல எழுத முடியாததை. அதில் எதையெல்லாம் மாற்ற முடியும், எதை முடியாது என்று பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். மாற்ற முடியாதது இருந்தால் பரவாயில்லை. அது இருக்கிறது என்று தெரிந்திருந்தால் போதும்.